கருப்பு பீருக்கு அவசரம் ஆகாது

வருடக் கடைசி இராத்திரி கோயமுத்தூரில் எட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால், அதில் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருத்தராவது "ஸ்டவுட் இருக்குதுங்களா?" என்று சப்ளையரிடம் கேட்பார். வறுத்த பார்லி சேர்த்துக் காய்ச்சும் கருப்பு பீருக்குத்தான் ஸ்டவுட் என்று பெயர். இருந்தால் ஒரு டின் வரும். கிளாஸ் மேசையை ஒரு சுற்றுச் சுற்றும், ஆளுக்கு ஒரு வாய். "ஏனுங்ணா, தீஞ்ச வாசம் அடிக்குதுங்" என்று ஒருவர் முகத்தைச் சுளிப்பார். அடுத்தவர் வாயைக் கொப்பளிக்கிற மாதிரி தண்ணீர் குடிப்பார். கேட்டவர் மட்டும் மிச்சத்தைக் குடித்து முடிப்பார்.

இதில் நாக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பீரையும் சொல்ல முடியாது. அந்த ஒரு வாய்க்கு முன்னால் வாயில் இருந்தது சில்லி சிக்கன். கிளாஸ் ஃப்ரீசரிலிருந்து வெள்ளை பூத்து வந்தது. டின்னை லாகர், அதாவது நாம் வழக்கமாகக் குடிக்கும் வெளிர் பீர், ஊற்றுகிற மாதிரி ஓரமாகச் சாய்த்து மெதுவாக ஊற்றினார்கள். காரம், கடுங்குளிர், தப்பான ஊற்று மூன்றும் சேர்ந்தால் எந்த நல்ல ஸ்டவுட்டும் தோற்றுப்போகும்.

முதலில் நிறத்தைப் பற்றிய பயத்தைத் தீர்த்துக்கொள்வோம். கருப்பாக இருப்பதால் போதை அதிகம் என்று நம் பக்கம் நினைப்பவர்கள் நிறைய. அயர்லாந்தின் பேர்போன ஸ்டவுட்டான கின்னஸ் டிராஃப்ட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம். 440 மி.லி. டின்னில் சுத்த ஆல்கஹால் சுமார் 18 மி.லி. டாஸ்மாக்கில் வாங்கும் 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் அதில் 52 மி.லி. இருக்கிறது. 42.8 சதவீத விஸ்கி ஒரு லார்ஜ், அதாவது 60 மி.லி. ஊற்றினால் ஏறக்குறைய 26 மி.லி. ஆக, அந்தக் கருப்பு டின் ஒரு லார்ஜைவிட லேசானது. வயிறு கனக்கும் என்பதும் அப்படித்தான். நுரையின் தடிப்பு நாக்கை ஏமாற்றுகிறது; கலோரி சாதாரண லாகரை ஒட்டியோ சற்றுக் குறைவாகவோதான் வரும்.

ஆனால் எல்லா ஸ்டவுட்டும் அப்படி இல்லை. இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். இம்பீரியல் ஸ்டவுட் என்று போட்டிருந்தால் 8-லிருந்து 12 வரை போகும். எனவே நிறத்தைப் பார்க்காமல் டின்னின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். சொல்ல வேண்டிய முதல் விதி இதுதான்.

கருப்பு எங்கிருந்து வருகிறது? பார்லியை 200 டிகிரிக்கு மேல் உருளையில் போட்டு, கருகுவதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்தி வறுக்கிறார்கள். 1817-ல் டேனியல் வீலர் என்பவர் இங்கிலாந்தில் இதற்கென ஒரு வறுவல் உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கருப்பு மால்ட்டை (மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய பார்லி) சேர்த்து மிச்சத்தை வெளிர் மால்ட்டாகவே வைத்துக்கொள்ளும் சிக்கனம் வந்தது. கின்னஸ் மாதிரி இனிப்புக் குறைந்த ஐரிஷ் டிரை ஸ்டவுட்டின் வழக்கமான கலவை ஏறக்குறைய 70 பங்கு வெளிர் மால்ட், 20 பங்கு அவல் மாதிரி தட்டிய பார்லி, 10 பங்கு முளைகட்டாமல் வறுத்த பார்லி. நூற்றுக்குப் பத்தே பங்குதான் முழு நிறத்தையும் தருகிறது. கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தால் அடியோரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரியும். தட்டிய பார்லியின் வேலை நுரைக்கும், வாயில் தெரியும் தடிப்புக்கும். சொந்தமாகப் பீர் காய்ச்சி விற்கும் சின்ன மைக்ரோபுரூவரிகளில் சில சமயம் "ஸ்டவுட்னா கருப்பா இருக்கோணும்" என்று வறுத்ததை அள்ளிப் போட்டுவிடுவார்கள். அப்போது வருவது சாம்பல் ருசி, நாக்கின் ஓரம் துவர்த்து உலர்ந்துபோகும். அதைக் குடித்துவிட்டு ஸ்டவுட் இப்படித்தான் என்று முடிவு கட்ட வேண்டாம்.

பழக்கமில்லாதவருக்கு முதல் வாயில் தெரிவது அந்த வறுவல் கசப்பு மட்டும்தான். பால் சேர்க்காத முதல் டிகாஷனைக் குடித்தவர் முகம் போவதும் அதே மாதிரிதான். வறுவலுக்குப் பின்னால் இருக்கும் வாசத்தை நாக்கு தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஸ்டவுட்டில் மூன்றாவது, நான்காவது வாயில்தான் கோக்கோ, பொரித்த ரொட்டி ஓரம், சில வகையில் காய்ந்த திராட்சை என்று ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆகவே மேசையைச் சுற்றும் ஒரு வாயை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஒரு டின்னை இரண்டு பேர் பகிருங்கள், எட்டுப் பேர் வேண்டாம்.

குளிர்ச்சிக்கு வருவோம். ஏப்ரல் மாதக் கரூரிலும் ஈரோட்டிலும் வெயிலில் அலைந்துவிட்டு வருகிறவருக்குப் பீர் என்றால் பல் கூச வேண்டும். லாகருக்கு அது சரி. நாக்கு குளிர்ந்துவிட்டால் இனிப்பை உணரும் திறன் இறங்கிவிடும், வாசமும் எழும்பாது, கசப்பு மட்டும் தனியாக நிற்கும். ஸ்டவுட்டில் கசப்பைத் தாங்கிப் பிடிப்பதே அந்த மால்ட் இனிப்புதான் என்பதால், 2 டிகிரியில் குடித்தால் பாதிப் பீரைத்தான் குடிக்கிறோம். டிரை ஸ்டவுட், டிராஃப்ட் டின் என்றால் 6 டிகிரியில் ஆரம்பித்து 10 வரை ஏற விடலாம். லயன் மாதிரி கனமானவை 10-லிருந்து 12. இம்பீரியல் 12-க்கு மேல்தான் வாயைத் திறக்கும். பாரில் தெர்மாமீட்டர் கேட்க முடியாது. "அண்ணா, கிளாஸ் ஃப்ரீசர்ல வைக்காததா குடுங்க, சாதா கிளாஸ் போதும்" என்று சொன்னால் வேலை முடிந்தது. வெள்ளை பூத்த கிளாஸில் ஒட்டியிருக்கும் ஐஸ் துகள்கள் நுரையை முரட்டுத்தனமாகக் கிளப்பும், பிறகு உருகிப் பீரில் நீர் சேர்க்கும். ஐஸ் கட்டி போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இப்போது ஊற்று. இங்கேதான் பெரும்பாலும் கெடுகிறது.

டிராஃப்ட் ஸ்டவுட் டின்னைக் குலுக்கினால் உள்ளே ஏதோ உருளும். அது பழுதில்லை. பிளாஸ்டிக் உருண்டை ஒன்று, அதில் ஊசித்துளை. டின்னை மூடும்போது ஒரு துளி திரவ நைட்ரஜனை விடுகிறார்கள். அது ஆவியாகி அழுத்தம் ஏறும்போது கொஞ்சம் பீரும் வாயுவும் துளை வழியே உருண்டைக்குள் புகுந்துகொள்கின்றன. திறந்த நொடியில் வெளியே அழுத்தம் விழ, உள்ளே இருந்தது பீறிட்டு வந்து டின் முழுவதையும் கலக்கிவிடுகிறது. 1959-ல் கின்னஸ் நிறுவனத்தின் மைக்கேல் ஆஷ் நைட்ரஜனை வைத்து டேப்பிலிருந்து, அதாவது பார் குழாயிலிருந்து, பீர் இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதே நுரையை டின்னுக்குள் அடைக்க 1988 வரை ஆனது.

நைட்ரஜன் எதற்கு என்பதைத் தெரிந்துகொண்டால் ருசியே வேறாகத் தெரியும். சாதாரண பீரில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து அமிலமாகி நாக்கைச் சுரீரென்று குத்தும். நைட்ரஜன் தண்ணீரில் சரியாகக் கரையாது, அமிலமும் ஆகாது. குமிழிகள் மிகச் சின்னவையாகி, சீக்கிரம் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகாமல் நிற்கின்றன. அதனால்தான் நுரை வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக வருகிறது. லாகரில் ஒரு லிட்டர் பீருக்கு இரண்டரை லிட்டர் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு இருக்கும் என்றால், நைட்ரோ ஸ்டவுட்டில் அதில் பாதிதான். குத்துகிற குணத்தை எதிர்பார்த்துக் குடிப்பவருக்கு இது கேஸ் போன பீர் மாதிரி தோன்றும். கேஸ் போகவில்லை, வேறு கேஸ் இருக்கிறது.

டின்னை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைத்தால் உறைந்து வெடிக்கலாம், உறைந்து இளகிய பீரில் நுரையும் சரியாக நிற்காது. குளிராத டின்னைத் திறந்தால் பாதி மேசை மேல் போகும். திறந்ததும் சீறல் அடங்க ஒன்றிரண்டு நொடி விட்டு, அரை லிட்டருக்குக் குறையாத கிளாஸை 45 டிகிரி சாய்த்து, டின்னைத் தயங்காமல் கவிழ்த்து, ஒரே ஊற்றில் முழுவதையும் இறக்குங்கள். முக்கால் கிளாஸ் ஆனதும் கிளாஸை நிமிர்த்திக்கொள்ளுங்கள். லாகருக்குப் பழகிய கை இங்கே மெதுவாக ஊற்றப் பார்க்கும். மெதுவாக ஊற்றினால் வாயு பிரியாது, நுரை ஒரு விரல் அளவுகூட வராது. 330 மி.லி. கிளாஸைக் கொடுத்தால் திருப்பி அனுப்புங்கள். இரண்டு தடவையாக ஊற்றினால் இரண்டாவது பாதி செத்துப்போன பீர்தான்.

ஊற்றி முடித்ததும் பழுப்பு அலை கீழ்நோக்கி இறங்குவது தெரியும். குமிழி மேலே போகாமல் கீழே போவதாகத் தெரிவது கண்ணின் மாயம் இல்லை. மேலே அகன்று கீழே குறுகிய கிளாஸில் நடுவில் குமிழிகள் கூட்டமாக எழும்பும்போது பீர் ஓரமாகக் கீழே சுழன்று வருகிறது. சின்னக் குமிழிகளை அந்த ஓட்டம் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. 2012-ல் அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்துக் கணித ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். கருப்பும் வெள்ளையும் கோடு போட்ட மாதிரி பிரியும் வரை தொடாதீர்கள். ஏறக்குறைய இரண்டு நிமிடம். டேப் இருக்கும் இடங்களில் முக்கால் ஊற்றி, அடங்க விட்டு, பிறகு மேலே நிரப்புவார்கள். கின்னஸ் விளம்பரம் 119.5 நொடி என்று கணக்குச் சொல்லும். பழைய காலத்தில் புதுப் பீரும் நாள்பட்ட பீரும் தனித்தனிப் பீப்பாயிலிருந்து கலந்து ஊற்றிய வழக்கத்தின் மிச்சம்தான் இந்த இரண்டு தவணை ஊற்று. அரை நொடிக் கணக்கு வெறும் வேடிக்கை, காத்திருப்பது மட்டும் உபயோகமானது.

லயன், கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா போன்ற பாட்டில்களில் உருண்டை கிடையாது. அவற்றை வழக்கமான லாகர் மாதிரியே சாய்த்து ஆரம்பித்து, கடைசி மூன்றில் ஒரு பங்கை நேராக ஊற்றினால் போதும். பாட்டில் கழுத்தைத் தண்ணீரில் கவிழ்த்து "கிளிசரின் இறக்கும்" பழக்கம் சிலரிடம் உண்டு. பீரில் இறக்க அப்படி எதுவும் இல்லை, போவது கேஸ்தான்.

நுரை வந்த வேகத்தில் உடைந்துபோனால் கிளாஸில் எண்ணெய் இருக்கிறது. வறுவல் தொட்ட கையும், துடைக்கிற துணியும், சரியாக அலசாத சோப்பும்தான் காரணம். கிளாஸின் உள்ளே நனைத்து உப்பைத் தூவிப் பார்த்தால் தெரியும்: சுத்தமான இடத்தில் உப்பு சமமாக ஒட்டும், எண்ணெய் உள்ள இடம் மட்டும் சொட்டை விழுந்திருக்கும். வீட்டில் குடிப்பதென்றால் இந்தச் சோதனை செய்யுங்கள். பாரில் செய்தால் மேனேஜர் வந்துவிடுவார்.

எதில் ஆரம்பிப்பது? கேள்விப்பட்ட பெயர் என்று டிரை ஸ்டவுட்டில் ஆரம்பிப்பதைவிட, கிடைத்தால் மில்க் ஸ்டவுட்டில் ஆரம்பிப்பது நல்லது. பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரையை அதில் சேர்க்கிறார்கள். அதை ஈஸ்ட்டால் தின்ன முடியாது, அது பீரிலேயே தங்கி வறுவலின் முனையை மழுக்கிவிடும். பால் ஒத்துக்கொள்ளாத வயிறுக்காரர்கள் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும். அடுத்தது ஓட்ஸ் சேர்த்த ஓட்மீல் ஸ்டவுட், அதற்கு அடுத்தது டிரை, கடைசியில் கனமானவை. பெங்களூர் மைக்ரோபுரூவரிகளில் நூறு, நூற்றைம்பது மி.லி. கிளாஸ்களை ஒரு பலகையில் வைத்துச் சாம்பிளர் என்று தருவார்கள். சேலம், ஓசூர் வழியாகப் போய்வருகிறவர்களுக்குக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. கோவையில் ஸ்டார் ஓட்டல் பார்களையும் எலைட் கடைகளையும்தான் நம்ப வேண்டும், அங்கேயும் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. வாங்கும்போது டின்னில் தேதியைப் பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் சூட்டில் பழசாகிவிட்டது. வினிகர்ப் புளிப்பு என்றால் கெட்டுவிட்டது, திருப்பிக் கொடுங்கள். பண்டிகைக்குத் திட்டமிட்டால் நாளையும் பாருங்கள்: பொங்கல் விடுமுறையில் திருவள்ளுவர் தினத்தன்று கடையும் பாரும் அடைத்திருக்கும்.

குடிக்கும்போது நுரையை உறிஞ்சாதீர்கள், நுரைக்கு அடியிலிருந்து பீரை இழுங்கள். நுரை தனியாகக் கசக்கும். வாய் நிறைய எடுத்து விழுங்கிவிட்டு மூக்கு வழியாக மூச்சை விட்டால்தான் வாசம் தெரியும். இடையில் தண்ணீர். விஸ்கிக்குப் பிறகு ஸ்டவுட் என்ற வரிசை மட்டும் வேண்டாம், நாக்கு மரத்திருக்கும்.

சைட் டிஷ் விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. பாரில் வரும் சிவப்புச் சாய சில்லி சிக்கனும் கோபியும் ஸ்டவுட்டுக்கு எதிரி. காரம் கசப்பைப் பெருக்கிக் காட்டும், ஆல்கஹால் காரத்தைப் பெருக்கும், இரண்டும் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போகும். சிந்தாமணி சிக்கனும் அதே கணக்கில்தான் சேரும். பள்ளிபாளையம் சிக்கன் வேறு ரகம். விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லு, மஞ்சள், எண்ணெய். கரம் மசாலா கிடையாது. விதை போனதால் காரம் அடங்கியிருக்கும், வதங்கிய வெங்காயத்தின் இனிப்பும் தேங்காயின் கொழுப்பும் வறுத்த மால்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். டிரை ஸ்டவுட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக நம் ஊரில் எதுவும் இல்லை என்பது என் தீர்ப்பு. ஆர்டர் சொல்லும்போதே மிளகாயைக் குறைத்துத் தேங்காயைக் கூட்டிப் போடச் சொல்லுங்கள்.

இரத்தப் பொரியல் அடுத்தது. அயர்லாந்துக்காரர்கள் காலை உணவிலேயே இரத்தக் கறியை வைத்துக்கொள்கிறவர்கள். ஆட்டு இரத்தத்தின் இரும்பு ருசியும் வறுத்த பார்லியும் ஒரே பக்கத்தில் நிற்கும். மேலே தேங்காய்த் துருவல் விழுந்தால் இன்னும் நல்லது. குடல் வறுவல் மிளகு தூக்கலாக இருந்தால் ஓட்மீல் ஸ்டவுட் தாங்கும், டிரை தாங்காது. கறி தொடாதவர்களுக்கு வேகவைத்த நிலக்கடலை. மசாலாக் கடலை வேண்டாம், மாவும் உப்பும் நாக்கை மூடிவிடும். ஊத்துக்குளி வெண்ணெயைத் தடவி வாட்டிய ரொட்டி கிடைத்தால் அதுவே போதும்.

கறி தொடாதவர் என்றதும் புரட்டாசி நினைவுக்கு வருகிறது. கறியை நிறுத்திப் பீரை நிறுத்தாதவர்கள் நம்மில் உண்டு, அவர்கள் மனச்சாட்சிக்காக: கின்னஸைத் தெளிவாக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் பல காலம் பயன்படுத்தினார்கள். 2015-ல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்து, அடுத்த சில ஆண்டுகளில் வடிகட்டும் முறைக்கு மாறிவிட்டார்கள். உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கைக்கும் 1929-ல் தொடங்கிய ஒரு விளம்பரம்தான் காரணம். ஒரு பைண்டில், அதாவது அரை லிட்டர் சொச்சத்தில், இரும்புச்சத்து 1 மில்லிகிராம்கூட இல்லை. முருங்கைக்கீரையை நம்புங்கள்.

பண்டிகை இராத்திரி என்பதால் கலவை கேட்பவர்களும் இருப்பார்கள். பிளாக் வெல்வெட்: உயரமான கிளாஸில் பாதி ஷாம்பெயினோ வேறு நுரை வைனோ ஊற்றி, அதன் மேல் கரண்டியின் முதுகில் ஸ்டவுட்டை மெல்ல வழிய விடுவது. 1861-ல் விக்டோரியா ராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் இறந்த துக்கத்துக்காக லண்டன் கிளப் ஒன்றில் பிறந்ததாகச் சொல்வார்கள். திருப்பூர்க்காரர்கள் வெளிநாட்டுப் பையரோடு உட்காரும்போது தெரிந்து வைத்திருக்கலாம். கோலா கலப்பது, எலுமிச்சை பிழிவது இரண்டும் வேண்டாம். வறுவல் புளிப்போடு புளிப்பு சேர்ந்தால் உலோகச் சுவை வரும்.

தமிழ்நாட்டில் 21 வயது ஆனவர்களுக்குத்தான் இதெல்லாம். வண்டி ஓட்டுகிறவருக்கு இரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மி.கி. ஆல்கஹால் வரைதான் சட்டம் விடுகிறது. ஒன்றிரண்டு டின்னிலேயே அதைத் தாண்டலாம், எனவே லேசான ஸ்டவுட் என்ற கணக்கு இங்கே செல்லாது. முதல் தடவை பிடிபட்டாலே அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை. டாக்சிக்கு அதில் எத்தனை தடவை கொடுக்கலாம் என்று பாருங்கள்.

கடைசியாக இம்பீரியல். 330 மி.லி. பாட்டிலை நான்கு பேர் பகிர்ந்தால் சரியாக இருக்கும், ஆளுக்கு எண்பது மி.லி. சொச்சம். சாப்பாட்டுக்குப் பின்னால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் மேசையில் வைத்த பிறகு. கூட ஐஸ்கிரீம், கேக் என்று போக வேண்டியதில்லை. தீபாவளிக்குச் சுட்ட கச்சாயம் ஒன்றிரண்டு மிச்சம் இருந்தால் அதைக் கொண்டுபோங்கள். எண்ணெயில் வெந்த வெல்லத்தின் ஓரம் லேசாகக் கருகியிருக்குமே, அந்தக் கருகலும் இந்தக் கருகலும் சேரும். தேங்காய் ஒப்பிட்டும் ஒத்துப்போகும், பருப்பு ஒப்பிட்டு கொஞ்சம் மந்தம்.

நைட்ரோ டின்னைச் சேர்த்து வைப்பதில் பயனில்லை, புதுசாகக் குடிப்பதுதான் நல்லது. இம்பீரியல் 9, 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஓரிரு வருடம் வைக்கலாம். கசப்பு அடங்கி, திராட்சை வாசம் கூடும். நிற்க வைக்க வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. வெளிச்சம் படக் கூடாது, சூடு ஏறி இறங்கக் கூடாது. ஈரோட்டிலோ கரூரிலோ பரண் மேல் வைத்தால் ஒரே கோடையில் சோயா சாஸ் ஆகிவிடும். குன்னூரிலோ வால்பாறையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே கொடுத்து வையுங்கள். அவர் குடிக்காதவராக இருந்தால் இன்னும் விசேஷம்.